"வயசாயிடுச்சு" என்று ஒரு நோய் கிடையாது



நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். 34 வருஷம் என் பாடத்தை உட்கார்ந்து கேட்ட ஊர் இது. இன்னும் பதினைந்து நிமிஷம் கேட்டால் ஒன்றும் குறைந்துபோகாது.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "எங்க லேப்ரடாருக்குப் பத்து வயசு. காலையில எழுந்திரிக்கவே சிரமப்படுது. பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்குது. என்ன பண்ணலாம்?" ஒரு மணி நேரத்தில் 23 பதில்கள். வாத்தியார் புத்தி, எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேர், "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." ஐந்து பேர் கும்பிடுகிற கை பொம்மை. நான்கு பேர் எண்ணெய் வைத்தியம். இரண்டு பேர், "ஒரு நாய்க்கு இவ்வளவு பேச்சா?" மூன்று பேர் தாங்கள் சாப்பிடும் வலி மாத்திரையின் பெயரைப் போட்டு, "பாதி உடைச்சு சோத்துல வச்சுக் குடுங்க." ஒரே ஒருத்தி மட்டும், "கால்நடை டாக்டரிடம் காட்டுங்க" என்று எழுதியிருந்தாள். கல்லூரி முதல் வருஷம் படிக்கிற பிள்ளை. அவள் பதிலுக்கு ஒருத்தர்கூட லைக் போடவில்லை.

மீதி 22 பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் பாடம் நடத்தியவள். ஆனால் ரிட்டயர் ஆன பிறகு படிக்க நேரம் இருக்கிறது. கால்நடை மருத்துவம் படித்த பழைய மாணவன் ஒருவன் என் தொந்தரவைப் பொறுத்துக்கொண்டு கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறான். அவனிடம் கேட்டுச் சரிபார்த்ததை மட்டும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எட்டுப் பேருக்கு.

வயசு என்பது ஒரு எண். அது நோயின் பெயர் கிடையாது. பத்து வயசு நாய் எழுந்திரிக்கச் சிரமப்பட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மானம். இரண்டு எலும்பு சேரும் இடத்தில் வழவழவென்று ஒரு குருத்தெலும்பு இருக்கும். அது தேயும், சொரசொரப்பாகும். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கும். எலும்பு ஓரத்தில் முள் மாதிரி வளரும். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் வலிக்கும். உங்கள் அம்மாவுக்கு, என் முழங்காலுக்கு வந்திருப்பதும் இதே கதைதான்.

இது கிழ நாய்க்கு மட்டும் வருவதும் இல்லை. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி ஜாதிகளில் வளரும் பருவத்திலேயே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போவது சாதாரணம். பந்துக்கிண்ண மூட்டு என்று அறிவியல் பாடத்தில் படித்தீர்களே, அந்தப் பந்து கிண்ணத்தில் சரியாக உட்காராது. ஆடி ஆடித் தேயும். இரண்டு வயசிலேயே தேய்மானம் ஆரம்பிக்கலாம். முழங்கால் தசைநார் அறுந்த நாய்க்கும் அந்த மூட்டில் பின்னாளில் வரும். இதற்கெல்லாம் "வயசாயிடுச்சு" என்று சொல்வீர்களா?

ஒன்று கேட்கிறேன். நமக்கு முழங்கால் வலித்தால் அதற்கு "வலி" என்று பேர். எலும்பு டாக்டர், எக்ஸ்ரே, மாத்திரை, பெல்ட், வெந்நீர் ஒத்தடம், போகிற வருகிற எல்லோரிடமும் புலம்பல். இதே வலி நாய்க்கு வந்தால் அதற்கு "வயசு" என்று பேர். இந்தப் பெயர் மாற்றத்தை யார் கண்டுபிடித்தது? நமக்குச் சௌகரியமாக இருக்கிறது என்பதால் நாமே கண்டுபிடித்துக்கொண்டோம். வலி என்று ஒப்புக்கொண்டால் ஏதாவது செய்தாக வேண்டும். வயசு என்று சொல்லிவிட்டால் சோறு வைத்துவிட்டுப் போய்விடலாம்.

"அதுக்கு வலிச்சா கத்துமே டீச்சர்?" கத்தாது. கால் மிதிபட்டால் கத்தும், கல்லடி பட்டால் கத்தும். மாசக்கணக்காக இருக்கும் மூட்டு வலிக்குப் பெரும்பாலும் கத்தாது, ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். என் வகுப்பிலும் பசியோடு வந்த பிள்ளை அழுததில்லை. கடைசி பெஞ்சில் தலை சாய்த்துப் படுத்திருக்கும். அதைச் சோம்பேறி என்று சொன்ன ஆசிரியர்களும் உண்டு. நாய் விஷயத்தில் நாம் இப்போது செய்வது அதைத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி விறைப்பாக நடக்கும், அப்புறம் கொஞ்சம் சரியாகும். படிக்கட்டில் ஏறுமுன் நின்று யோசிக்கும். கார் கதவைத் திறந்தால் முன்பு தாவி ஏறிய நாய், இப்போது உங்கள் முகத்தைப் பார்க்கும். ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும். பின்தொடை சதை வற்றி, முன்பக்கம் பெரிசாகவும் பின்பக்கம் சின்னதாகவும் தெரியும். நகம் தேயாமல் நீளும். இடுப்பைத் தொட்டால் உறுமும். இதுவரை யாரையும் கடிக்காத நாய் பேரப்பிள்ளை மேலே விழுந்ததும் கடித்துவிடும். உடனே "வெறி பிடிச்சிருச்சு" என்று கட்டிப்போடுகிறோம். அதற்கு வெறி பிடிக்கவில்லை, வலிக்கிற இடத்தில் பிள்ளை விழுந்துவிட்டது.

அடுத்தது, அந்த மூன்று பேர். மாத்திரை பாதி உடைக்கச் சொன்னவர்கள். எட்டுப் பேர் மேல் எனக்கு வருத்தம்தான். இந்த மூன்று பேர் மேல் கோபம். ஏனென்றால் இவர்கள் இரக்கப்பட்டே உயிரை எடுக்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு நாட்டு நாய், செவலை, பன்னிரண்டு வயசு. இடுப்பு விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் மருந்துக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் ஒரு அட்டை டைக்ளோஃபெனாக் கொடுத்து, காலையும் ராத்திரியும் ஒன்று என்று சொல்லியிருக்கிறார். நாய்க்கு என்று தெரிந்தேதான் கொடுத்தார். இரண்டு நாள் நாய் நன்றாக நடந்ததாம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாலாம் நாள் சோறு எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் வாந்தியில் ரத்தம், மலம் தார் மாதிரி கறுப்பு. அப்போதுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வயிறு புண்ணாகி, சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தது. ஏழாம் நாள் போய்விட்டது. நான் ஊரிலிருந்து திரும்பியபோது கொல்லைப்பக்கம் குழி மூடியிருந்தது. அந்த அட்டையில் மிச்ச மாத்திரைகள் இன்னும் அலமாரியில் இருந்தன.

வீட்டுக்காரர் பாசமானவர். கடைக்காரரும் கெட்டவர் இல்லை. இரண்டு நல்லவர்கள் சேர்ந்து ஒரு நாயைக் கொன்றுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? உடம்பில் வீக்கமும் வலியும் வரும்போது புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் சுரக்கிறது. வலி மாத்திரைகள் இந்தச் சுரப்பைத் தடுக்கின்றன, வலி குறைகிறது. ஆனால் இதே குடும்பத்துப் பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பாற்றுகிறது. சிறுநீரகத்துக்குப் போதுமான ரத்தம் போகவும் உதவுகிறது. கண்டபடி தடுத்தால் வலி போகும், கூடவே வயிறும் சிறுநீரகமும் போகும். மனிதனுக்கும் இந்த ஆபத்து உண்டு. நாய்க்குப் பல மாத்திரைகளில் அது பல மடங்கு அதிகம்.

"நாய் சின்னது, அதனாலதான் பாதி" என்கிறீர்கள். நேப்ராக்சன் என்று ஒரு வலி மாத்திரை இருக்கிறது. மனித உடம்பில் போன மருந்தில் பாதி வெளியேற அரை நாளுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நாயின் உடம்பில் ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். தினமும் ஒன்று கொடுத்தால், நேற்றைய மருந்து போவதற்குள் இன்றைய மருந்து மேலே ஏறுகிறது. குழாயைத் திறந்து வைத்துவிட்டு வடிகாலை அடைத்த மாதிரி. பாதி மாத்திரை கொடுத்தாலும் தொட்டி நிரம்பத்தான் செய்யும். ஐபுப்ரோஃபென்னும் அப்படித்தான், நாய்க்கு மிக எளிதில் விஷமாகிவிடும். டைக்ளோஃபெனாக் என்ன செய்யும் என்பதை எங்கள் தெருவே பார்த்தது.

சரி, நாய்க்கும் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் ஏற்றுக்கொண்ட மருந்தையே எடுத்துக்கொள்வோம். மெலாக்சிகாம். மனிதர்களுக்கு இது 7.5 மில்லிகிராம், 15 மில்லிகிராம் மாத்திரையாக வருகிறது. நாய்க்கு வழக்கமான தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். முதல் நாள் மட்டும் 0.2. இப்போது கணக்கு. நாயின் எடை 15 கிலோ. தினசரி எவ்வளவு? 1.5 மில்லிகிராம். நீங்கள் 15 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தால்? 7.5. ஐந்து மடங்கு! "நான் எடை பார்த்துத்தான் குடுப்பேன், 60 கிலோ மனுஷனுக்கு ஒண்ணுன்னா 15 கிலோ நாய்க்குக் கால் மாத்திரை" என்று ஒரு புத்திசாலி சொல்வார். கால் மாத்திரை 3.75. அப்போதும் இரண்டரை மடங்கு. அஞ்சாங்கிளாஸ் தசமக் கணக்கு இது. இதில் தப்பு செய்தால் பரீட்சையில் இரண்டு மார்க் போகும், இங்கே உயிர் போகும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது நீங்களே அளந்து கொடுப்பதற்காக இல்லை. கொடுக்கக்கூடாது என்பதற்காக.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வரி. பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். "காய்ச்சல் மாத்திரைதானே, குழந்தைக்கே குடுக்கிறோமே" என்று ஆரம்பிக்காதீர்கள்.

ஓர் உடம்புக்கு ஒத்துக்கொண்டது இன்னொரு உடம்புக்கு எமனாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. பிணந்தின்னிக் கழுகு, பாறு என்போம். வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் இந்தியா முழுக்கக் கூட்டம் கூட்டமாக இருந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் 1000-க்கு 999 என்ற கணக்கில் அழிந்துபோனது. காரணம் 2004-ல் தெரிந்தது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக். மாடு அதைத் தாங்கிக்கொண்டது. செத்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 2006-ல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தயாரிப்பதை அரசு தடை செய்தது. அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய மருந்துக் குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் குப்பியின் அளவையே 3 மில்லிக்குக் குறைக்க வேண்டியதாயிற்று. 2023-ல் கீட்டோப்ரோஃபென்னும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. நீலகிரி மலையடிவாரத்தில், மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பாறுகளைக் காப்பாற்ற இன்று எவ்வளவு பாடுபடுகிறார்கள்! மாட்டுக்கு என்று வந்த மருந்தே இப்படி ஆனது. மனிதனுக்கு என்று வந்த மருந்தை நாய்க்கு நாமே முடிவு செய்து கொடுக்கிறோம் என்றால் நம் தைரியத்தை என்ன சொல்ல!

இப்போது இன்னொரு பக்கம் திரும்புகிறேன். இதைப் படித்துவிட்டுச் சிலர், "அதான் சொல்றேன், நாய்க்கு வலி மாத்திரையே கூடாது, கிட்னி போயிடும்" என்று கிளம்புவீர்கள். அதுவும் தப்பு. அந்த எட்டுப் பேர் வேறு வழியாக உள்ளே வருகிறார்கள், அவ்வளவுதான்.

நாய்களுக்கென்றே சோதித்து அனுமதித்த வீக்கம் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. கார்ப்ரோஃபென் 1996-லேயே அமெரிக்காவில் நாய்களுக்கு அனுமதி பெற்றது. மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப், ரோபெனகாக்சிப் என்று அதற்கப்புறம் வந்தவை உண்டு. எந்த நாய்க்கு எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்வார். முறையாகக் கொடுத்தால் எத்தனையோ நாய்கள் கடைசிக் காலத்தை நடந்தே கழிக்கின்றன.

வலியை அப்படியே விடுவதும் சும்மா இருப்பது ஆகாது. வலிக்கிற காலை நாய் ஊன்றாது. ஊன்றாத காலில் சதை வற்றும். மூட்டைத் தாங்கிப் பிடிப்பதே அந்தச் சதைதான். அது வற்றினால் மூட்டு மேலும் ஆடும், மேலும் வலிக்கும். நடக்காததால் உடம்பு பெருக்கும், அந்தப் பாரமும் மூட்டில்தான் இறங்கும். ஒன்றும் கொடுக்காமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைப்பது வெறும் மனச் சமாதானம்.

மருந்தைப் பயந்து ஒதுக்கவும் வேண்டாம், விளையாட்டாகக் கொடுக்கவும் வேண்டாம். முறை இதுதான். ஆரம்பிப்பதற்கு முன்னால் சிறுநீரகம், கல்லீரல் எப்படி என்று ரத்தப் பரிசோதனை. ரொம்ப நாள் தொடர்ந்தால் நடுநடுவே மறுபடியும். அன்றைக்கு எடை போட்டு அதற்கேற்ற அளவு. சாப்பாட்டோடு கொடுப்பது. தண்ணீர் எப்போதும் கிண்ணத்தில் இருப்பது. வாந்தி பேதியாகி உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும்போது கொடுக்காமல் இருப்பது. பசியின்மை, வாந்தி, கறுத்த மலம், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, ஈறு மஞ்சளாவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுவது.

இன்னொரு பழக்கமும் நம் பக்கம் இருக்கிறது. "ஒரு ஊசி போட்டாங்க, மறுநாளே ஓடுச்சு" என்பார்கள். பல சமயம் அது ஸ்டீராய்டாக இருக்கும். ஸ்டீராய்டையும் இந்த வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் வயிறு கிழிந்து ரத்தம் கொட்டும் அபாயம் உண்டு. இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலும் அப்படியே. ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஆரம்பிக்க நடுவே இடைவெளி வேண்டும். ஆகவே டாக்டர் மாறினால் முன்னால் என்ன போட்டார்கள் என்று சொல்லுங்கள். என்ன ஊசி என்று கேட்டால் எரிந்து விழுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். விழட்டும். சீட்டில் பெயர் எழுதி வாங்காமல் நகராதீர்கள்.

எண்ணெய் சொன்ன நால்வருக்கு. வெதுவெதுப்பான ஒத்தடம், மெதுவாக நீவி விடுவது, இதெல்லாம் இதமாக இருக்கும், செய்யுங்கள். ஆனால் அது வைத்தியத்துக்குப் பதில் ஆகாது. உங்கள் முழங்காலுக்குப் பூசுகிற வலிக் களிம்பை மட்டும் நாய் மேலே பூசாதீர்கள். அது நக்கும், வயிற்றுக்குள் போகும். களிம்பில் இருப்பது பெரும்பாலும் அதே டைக்ளோஃபெனாக்தான். நீங்கள் பூசிக்கொண்ட காலையும் நக்க விடாதீர்கள். கடையில் டப்பா டப்பாவாக விற்கும் குளுக்கோசமைன் பவுடருக்கு நாய்களில் கிடைத்திருக்கும் சான்று பலவீனமானது. வாங்குவதானால் வாங்குங்கள். அதை வாங்கிவிட்டோம் என்று டாக்டரிடம் போகாமல் இருக்காதீர்கள்.

அடுத்தது பணம். இது எனக்குப் புரியாததல்ல. பென்ஷனில் குடும்பம் நடத்துகிறவள் நான். தனியார் கிளினிக்கில் கேட்கும் தொகை சிலருக்கு முடியாததுதான். அரசு கால்நடை மருந்தகம் ஊருக்கு ஊர் இருக்கிறது. மாடு ஆட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு பலர் போவதே இல்லை, நாயையும் பார்ப்பார்கள். கொஞ்சம் பெரிய வைத்தியம் என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கிறது. நாமக்கல்லில் 1985-லிருந்து. ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் 2012-லிருந்து. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைக்கு அங்கே போகலாம். கோயிலுக்குக் கார் எடுத்துக்கொண்டு மூன்று மாவட்டம் தாண்டிப் போகிறோம், இதற்கு ஒரு நாள் போக முடியாதா?

காசே செலவில்லாத மருந்தும் ஒன்று உண்டு. எடையைக் குறைப்பது. அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான சாப்பாடு. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 1.8 வருஷம் அதிகம் வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நம் வீட்டில் என்ன நடக்கிறது? காலையில் ரஸ்க், அப்புறம் இட்லி, டீக்கு பிஸ்கட், மத்தியானம் சோறு, யார் சாப்பிட்டாலும் ஒரு வாய். "பாவம், பார்க்குதுல்ல!" அந்தப் பாவம் ஒவ்வொரு வாயும் அதன் மூட்டில்தான் போய் உட்காருகிறது.

இன்னும் சில. டைல்ஸ் தரை வழுக்கும், மூட்டு வலி உள்ள நாய்க்கு அது பனிப்பாறை மாதிரி. நடக்கும் வழியில் பழைய கோணியோ தேங்காய்நார் மிதியடியோ போடுங்கள். வெறுந்தரையில் படுக்க விடாமல் பழைய மெத்தை போடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டாமல், தினமும் பத்துப் பதினைந்து நிமிஷம் இரண்டு வேளை மெதுவாக நடத்துங்கள். சங்கிலியால் ஒரே இடத்தில் நாள் முழுக்கக் கட்டிப்போடாதீர்கள்.

கடைசியாக, "ஒரு நாய்க்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்ட அந்த இரண்டு பேர். மனுஷனுக்கே மருந்து கிடைக்காத நாட்டில் நாய்க்கு என்ன ரத்தப் பரிசோதனை என்கிறீர்கள். நாய்க்கு வைத்தியம் பார்க்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் நீங்கள் எந்த மனுஷனுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தீர்கள் என்று ஒரு தடவை சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்து நாயைக் கவனிக்கிற வீட்டில்தான் மாமியாரையும் கவனிக்கிறார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் மூன்றாவது பிரிவு, ஒரு பிராணியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தேவையில்லாத வலி அதற்கு நேராமல் தடுக்க வேண்டும் என்று கடமையாகவே சொல்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முதலில் குரல் கொடுத்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியம் என்றால் நினைவுக்கு வருகிற அதே அம்மாள்தான். ராஜ்யசபாவில் உட்கார்ந்து இதற்காக வாதாடியிருக்கிறார். பிற்பாடு விலங்கு நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். அன்றைக்கும் "மாட்டுக்கும் நாய்க்கும் சட்டமா?" என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். சட்டம் வந்தது. சிரிப்புதான் இன்னும் நிற்கவில்லை.

நாயை நாம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அது விண்ணப்பம் போட்டு வரவில்லை. பத்து வருஷம் வாசலில் படுத்துக் காவல் காத்தது. எனக்கு அரசாங்கம் வேலை முடிந்ததும் பென்ஷன் தருகிறது, மருத்துவக் காப்பீடு தருகிறது. அதற்கு நாம் தருவது "வயசாயிடுச்சு" என்ற ஒரு சொல்.

இனி வீட்டுப்பாடம். மூன்று பிரிவு.

நாய் வளர்ப்பவர்களுக்கு: நாளைக் காலையில் அது எழுந்திரிப்பதை உட்கார்ந்து பாருங்கள். முதல் பத்து அடியைப் போனில் வீடியோ எடுங்கள். படிக்கட்டு ஏறுவதையும் எடுங்கள். டாக்டரிடம் போனால் பயத்தில் நாய் நன்றாக நடந்து காட்டிவிடும், வீடியோ பொய் சொல்லாது. ஏற்கெனவே மனித மாத்திரை கொடுத்துவிட்டீர்களா? நாளை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எத்தனை மாத்திரை, எப்போது கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி, அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே போங்கள். திட்டுவார்களே என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சொந்தபந்தங்களுக்கு: குழுவில் யாராவது கேட்டால் மாத்திரை பெயர் எழுதாதீர்கள். அந்தக் கல்லூரிப் பெண் எழுதியதை எழுதுங்கள். அது ஒரே வரிதான், விரல் வலிக்காது.

மூன்றாவது, மருந்துக்கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளுக்கு. நம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலுமாக ஒன்பது பேர் இருக்கிறீர்கள், எல்லோர் பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று டைக்ளோஃபெனாக் அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கிறது. அதைப் படிக்கத்தான் உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். வலி மாத்திரை கேட்டு வருகிறவரிடம் "யாருக்கு?" என்று கேள். நாய்க்கு என்று சொன்னால், பூனைக்கு என்று சொன்னால், கொடுக்காதே. கால்நடை மருந்தகம் எந்தப் பக்கம் என்று வழி சொல்லி அனுப்பு. ஒரு அட்டை விற்காததால் கடை மூடிவிடாது.

ஒன்பது பேரும் "சரி டீச்சர்" என்று கீழே எழுத வேண்டும். வருகைப் பதிவேடு எடுக்கிறேன். எழுதாதவர்கள் கடைக்கு நானே நேரில் வருவேன்.

உங்கள் பழைய டீச்சர்.